புண்ணுக்குப் போட்ட மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போனபோது

அம்மா மதுரை விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தவர். கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நின்றுகொண்டேதான் வேலை. ஆளே வராத மத்தியான நேரத்தில்கூட உட்கார்ந்துவிட முடியாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 2021-இல்தான். அதற்கு வெகுகாலம் முன்பே அம்மாவுக்கு இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டு, வேலையையும் விட்டாயிற்று.

இந்த நரம்புச் சுருட்டல், அதாவது வெரிகோஸ் வெயின், பார்க்க அசிங்கமாக இருக்கும், கொஞ்சம் கடுக்கும், அவ்வளவுதான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். காலிலிருந்து ரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகளுக்குள் சின்னச் சின்ன வால்வுகள் உண்டு. அவை தளர்ந்துபோனால் ரத்தம் கீழேயே தேங்கும். கணுக்காலுக்கு மேலே உள்பக்கத் தோல் கறுத்து, இறுகி, நமைச்சல் எடுக்கும். அந்த இடத்தில் லேசாக ஒரு கீறல் பட்டாலும் ஆற மாதக்கணக்கில் ஆகும். அம்மாவுக்குக் கட்டில் முனை இடித்துப் புண் வந்தது. முதலில் பழைய ஐம்பது பைசா அளவுதான்.

எல்லா வீட்டிலும் நடப்பதுதான் நடந்தது. வீட்டில் இருந்த ஆன்டிபயாடிக் பவுடரைத் தூவினார். நியோமைசின், பேசிட்ராசின், பாலிமிக்ஸின் பி மூன்றும் கலந்தது. குழந்தைகளுக்கு முழங்கால் சிராய்த்தால் போடுவதும் அதைத்தான். ஒரு வாரம் போல நன்றாகத்தான் இருந்தது. புண் காய்கிற மாதிரித் தெரிந்தது. அப்புறம் சுற்றியுள்ள தோல் சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் வைத்து, நீர் வடிய ஆரம்பித்தது.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினோம். இன்ஃபெக்ஷன் என்று சொல்லி பவுடரை நிறுத்தச் சொன்னார்கள். பதிலுக்கு ஃப்ராமைசெடின் க்ரீம், கூடவே ஆன்டிபயாடிக் மாத்திரை. சிவப்பு குறையாமல் கணுக்காலைச் சுற்றிப் பரவியது. புண்ணிலிருந்து எடுத்து, கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பியதில் கிருமி வளர்ந்திருப்பதாக ரிப்போர்ட் வந்தது. வேறு மாத்திரை. பிறகு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் நியோமைசினும் சேர்ந்த ஒரு க்ரீம். அதைப் போட்ட நாலைந்து நாளில் சிவப்பு அடங்கியது, அம்மா நிம்மதியாகத் தூங்கினார். நல்ல க்ரீம் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். டியூப் தீர்ந்ததும் ஒரே வாரத்தில் முன்னைவிட மோசமாகக் கிளம்பியது. மறுபடி அதே டியூப், மறுபடி அடக்கம், மறுபடி கிளம்பல். இப்படியே மழைக்காலம் முழுக்க ஓடிற்று.

இதற்கு நடுவில் வந்த இன்னொரு விஷயம்தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. மருந்தே படாத முன்கைகளிலும் தொடையிலும் அம்மாவுக்கு அரிப்புடன் சின்னச் சின்னத் தடிப்புகள் வந்தன. "ரத்தமே கெட்டுப்போச்சுடி" என்று அம்மா முடிவுகட்டிவிட்டார். சுகர் பார்த்தோம், சரியாக இருந்தது. கடைசியில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொல்லி ஒரு தோல் டாக்டரிடம் போனோம்.

போகும் முன் போனில் அவர் கேட்டது ஒன்றுதான்: இதுவரை அந்தக் காலில் போட்ட எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள், காலி டியூப் உட்பட. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். காகிதம், பில், டப்பா எதையும் தூக்கிப் போட மாட்டேன். வீட்டில் இதற்காகத் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது உதவியது. ஒரு பிஸ்கட் டின் நிறையக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன்.

டாக்டர் முதலில் காலைத் தொடவில்லை. அம்மாவைப் பார்த்து, "அம்மா, இது வலிக்குதா, அரிக்குதா?" என்றார்.

"அரிப்புத்தான் டாக்டர். வலி அப்படி ஒண்ணும் இல்ல. ராத்திரியில சீப்பை எடுத்துச் சொறியலாமான்னு இருக்கு."

இத்தனை மாதத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. பிறகு டார்ச் அடித்துச் சிவப்பின் ஓரத்தைக் காட்டினார். மேல் விளிம்பு ஏறக்குறைய நேர்கோடாக இருந்தது. பேண்டேஜ் சுற்றும் இடத்தோடு சிவப்பு நின்றிருந்தது. கிருமித்தொற்று பரவினால் இப்படிக் கட்டுப்போட்ட எல்லையைப் பார்த்து நிற்காது, மருந்து எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம்தான் இந்தச் சிவப்பு இருக்கிறது என்றார். தொட்டால் கொதிக்கவில்லை, சீழ் இல்லை, காய்ச்சல் வந்ததே இல்லை, நிணநீர்க் கட்டி இல்லை.

அப்புறம் டின்னிலிருந்த டியூப்களை ஒவ்வொன்றாக எடுத்து, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்ததைப் படித்து மேசையில் இரண்டு வரிசையாக வைத்தார். வலது பக்க வரிசையில் பெட்ரோலியம் ஜெல்லியும் ஒரு பொவிடோன் அயோடினும் மட்டும் இருந்தன. மற்றவை எல்லாம் இடது பக்கம். கம்பெனி வேறு, அட்டைப் பெட்டியின் நிறம் வேறு, விலை வேறு. உள்ளே நியோமைசின், அல்லது அதன் நெருங்கிய சொந்தம்.

ஃப்ராமைசெடின் என்பது நியோமைசின் பி தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஆக, பவுடரை நிறுத்தி க்ரீமுக்கு மாறியபோது பெயர் மட்டும்தான் மாறியிருக்கிறது. நியோமைசின் 1949-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் செல்மன் வாக்ஸ்மனும் ஹூபர்ட் லெச்சவாலியரும் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. வாய்வழியாக உறிஞ்சப்படாது, ஊசியாகப் போட்டால் சிறுநீரகத்தையும் காதையும் கெடுக்கும் என்பதால், பெரும்பாலும் மேற்பூச்சாகத்தான் அது நீண்ட காலம் பிழைத்தது. தோலுக்கு அலர்ஜி தருவதில் அது பேர் போனது. தோலில் படும் பொருள்களால் வரும் ஒவ்வாமையைக் கவனிக்கும் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சங்கம் ஆண்டுதோறும் ஒரு பொருளை 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவிக்கும். 2010-இல் நியோமைசின். 2003-இல் பேசிட்ராசின். எங்கள் பவுடர் டப்பாவில் இரண்டும் இருந்தன.

ஸ்டீராய்டு கலந்த அந்த 'நல்ல க்ரீம்' செய்த வேலையையும் டாக்டர் விளக்கினார். ஒரே டியூபில் அலர்ஜியைக் கிளப்பும் நியோமைசினும் இருக்கிறது, அலர்ஜியை அமுக்கும் ஸ்டீராய்டும் இருக்கிறது. போடும்வரை ஸ்டீராய்டு ஜெயிக்கும். நிறுத்தியதும் அமுங்கியிருந்தது முழுக்க வெளியே வரும். மருந்து வேலை செய்கிறது, நிறுத்தினால்தான் வருகிறது என்று வீட்டில் தோன்றுவது இயற்கை. டாக்டர்களே இதில் ஏமாறுவார்கள் என்று அவரே சொன்னார்.

கையிலும் தொடையிலும் வந்த தடிப்புகளுக்கும் காரணம் கிடைத்தது. ஒரு இடத்தில் தோல் அழற்சி கடுமையாக இருந்தால், தூரத்தில் சம்பந்தமே இல்லாத இடங்களிலும் தோல் இப்படி எதிர்வினை காட்டுமாம். காலில் உள்ளது அடங்கினால் அதுவும் போய்விடும் என்றார். போய்விட்டது. ரத்தம் கெடவில்லை என்று அம்மாவை நம்பவைக்கத்தான் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

கல்ச்சரில் கிருமி வளர்ந்ததே, அது என்ன என்று கேட்டேன். நாள்பட்ட எந்தக் கால் புண்ணிலிருந்து எடுத்து வளர்த்தாலும் ஏதாவது கிருமி வளரும். மேலே குடியிருக்கும் கிருமியெல்லாம் தொற்று ஆகாது என்றார். வலி கூடுவது, சூடு, சீழ், நாற்றம், காய்ச்சல் இதெல்லாம் சேர்ந்திருந்தால்தான் அந்த ரிப்போர்ட்டுக்கு அர்த்தம். அம்மா விழுங்கிய மாத்திரைக் கோர்ஸ்களை நினைத்துக்கொண்டேன். வயிறு கெட்டதுதான் மிச்சம்.

இந்த அலர்ஜி ஏன் முதல் நாளே வரவில்லை என்பது எனக்குப் புரியாமல் இருந்தது. நண்டு சாப்பிட்டு உடனே தடித்துப்போவது ஒரு வகை, இது வேறு. உடம்பின் எதிர்ப்பு அணுக்கள் அந்தப் பொருளை அடையாளம் கண்டு நினைவில் வைத்துக்கொள்ள ஒன்றிரண்டு வாரம் ஆகலாம். பல வருடம் நிம்மதியாகப் போட்டுக்கொண்டிருந்த மருந்துக்கும் திடீரென்று ஒரு நாள் வரலாம். ஒருமுறை நினைவில் பதிந்துவிட்டால், அடுத்த முறை ஒன்றிரண்டு நாளிலேயே வெடிக்கும், பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது. "இத்தனை வருஷமாப் போடறதுதானே, அது எப்படி ஒத்துக்காமப் போகும்?" என்று அத்தை வாதாடியதற்கு என்னிடம் அதற்கு முன் பதில் இருக்கவில்லை. அதிலும் வெரிகோஸ் புண் உள்ளவர்களுக்கு இந்த அலர்ஜி வர வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். தோல் ஏற்கெனவே அழற்சியில் இருக்கிறது, மருந்தை மாதக்கணக்கில் போடுகிறோம், மேலே கட்டும் போட்டு மூடிவிடுகிறோம்.

சந்தேகத்தை உறுதி செய்ய பேட்ச் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார், ஆனால் உடனே அல்ல. அழற்சி அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும், சித்திரை வெயிலில் எடுத்தால் வேர்வையில் பட்டை உரிந்துவிடும் என்று தள்ளிப் போட்டார். வெயில் தணிந்த பிறகு போனோம். இந்த டெஸ்ட் பற்றி மதுரையில் எனக்குத் தெரிந்த யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

ஊசி எதுவும் இல்லை. சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணம் போன்ற வட்டுகளில் ஒவ்வொரு பொருளையும் துளியாக வைத்து, டேப்போடு முதுகில் வரிசையாக ஒட்டுகிறார்கள். இந்தியாவில் அதிகம் பேருக்கு ஒத்துக்கொள்ளாத பொருள்களை வைத்து ஒரு தொகுப்பே இருக்கிறது. நியோமைசின் உண்டு, நைட்ரோஃபியூரசோன் உண்டு, கவரிங் நகையின் நிக்கல் உண்டு, தலைச்சாயத்தில் வரும் பொருள் உண்டு, ரோட்டோரம் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம் செடி உண்டு. க்ரீம் கெடாமல் இருக்கச் சேர்க்கும் பாரபென், குளோரோக்ரெசால் போன்றவையும் உண்டு. மருந்து குற்றமற்றதாக இருந்து, அதைக் கரைத்துவைத்த க்ரீம் குற்றவாளியாக இருப்பதும் நடக்குமாம்.

48 மணி நேரம் முதுகு நனையக் கூடாது, குனிந்து நிமிரும் வேலை கூடாது, வேர்க்கக் கூடாது. தலைக்குக் குளிக்காமல் வெள்ளிக்கிழமையைத் தாண்டியதில் அம்மாவுக்கு மனத்தாங்கல். ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் முடிவு பொய்யாகலாம் என்பதால் அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறார்கள். பட்டையை எடுத்ததும் ஒரு பார்வை, 96 மணி நேரத்தில் ஒரு பார்வை. சில இடங்களில் அதோடு முடித்துவிடுவார்கள். எங்கள் டாக்டர் ஒரு வாரம் கழித்தும் ஒருமுறை வரச் சொன்னார், அதற்குக் காரணம் நியோமைசின்தான். நல்ல தோலுக்குள் அது மெதுவாக இறங்கும், அதனால் தாமதமாகக் காட்டும். நடந்ததும் அப்படியே. 48-இல் நியோமைசின் இடத்தில் லேசான சிவப்பு, சந்தேகம் என்று எழுதினார். 96-இல் தடித்துப் பொடிக் கொப்புளம், இரண்டு ப்ளஸ் (அலர்ஜி எவ்வளவு பலம் என்பதற்கு அவர்கள் போடும் குறி). ஒரு வாரத்தில் இன்னும் தெளிவாக இருந்தது. நிக்கலுக்கும் ஒரு ப்ளஸ் வந்தது. கவரிங் கம்மல் தனக்கு ஆகாது என்று அம்மா முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான்.

இந்த டெஸ்ட் முடியும் முன்பே கால் பாதி ஆறியிருந்தது. சிகிச்சை என்று பார்த்தால், முக்கால்வாசி வேலை எடுப்பதில்தான் இருந்தது, போடுவதில் இல்லை. ஆன்டிபயாடிக் கலந்த எல்லாம் நிறுத்தம். மஞ்சள், வேப்பிலை, தேங்காய் எண்ணெய் எதுவும் புண்ணில் படக் கூடாது. மெடிக்கலில் கிடைக்கும் சலைன் பாட்டிலால் கழுவி, நீர் வடியும்வரை சலைனில் நனைத்த காஸ் துணியை வைத்து எடுப்பது. சுற்றியுள்ள சிவந்த தோலுக்கு மட்டும், ஆன்டிபயாடிக் சேராத தனி ஸ்டீராய்டு ஆயின்மென்ட், அதுவும் அவர் சொன்ன நாள்வரை மட்டும். புண்ணின் மேல் ஒட்டாத டிரெஸ்ஸிங், தோல் காயாமல் இருக்க வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி.

உண்மையில் புண்ணை ஆற்றியது அழுத்தக் கட்டுதான். கணுக்காலில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் சுற்றும் கட்டு. தேங்கும் ரத்தத்தை மேலே தள்ளுவது அதுதான். யாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றிவிடக் கூடாது. காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால், இந்தக் கட்டு காலையே கெடுத்துவிடும். அம்மாவுக்கு முதலில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் கருவியை வைத்துக் கணுக்கால் பிரஷரையும் கை பிரஷரையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கட்டினார்கள்.

வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதுமா என்று எனக்குச் சந்தேகம் தீரவில்லை, தேடிப் படித்தேன். 1996-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்திருக்கிறது. தோலில் சின்ன அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 922 பேரில் ஒரு பாதிக்கு பேசிட்ராசின், இன்னொரு பாதிக்கு வெள்ளை பெட்ரோலியம் ஜெல்லி. தொற்று வந்தவர்கள் ஜெல்லியில் 2 சதவீதம், பேசிட்ராசினில் 0.9 சதவீதம், புள்ளியியல்படி அதைப் பெரிய வித்தியாசமாக எடுத்துக்கொள்ள முடியாது. அலர்ஜி வந்தவர்கள் பேசிட்ராசினில் 4 பேர், ஜெல்லியில் யாருமில்லை. சுத்தமான சின்னக் காயத்துக்கு இது பொருந்தும். நாய்க்கடி, துருப்பிடித்த ஆணி, சுகர்காரர் பாதப் புண் எல்லாம் வேறு கணக்கு. அதற்கு ஜெல்லியை வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாது.

இதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் வந்தது. டியூபை வாங்கியதும் முன்பக்கப் பெரிய எழுத்தைப் பார்ப்பதில்லை, பின்பக்கத்தைப் படிக்கிறோம். அம்மாவின் பர்ஸில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன், தமிழிலும் ஆங்கிலத்திலும்: நியோமைசின், ஃப்ராமைசெடின், ஜென்டாமைசின், டோப்ராமைசின், கானமைசின். மற்றவை எல்லாம் நியோமைசினின் பங்காளிகள். ஒன்று ஆகாதவருக்கு மற்றதும் ஆகாமல் போகலாம். பேசிட்ராசின் அந்தக் குடும்பம் இல்லை. ஆனால் இரண்டும் ஒன்றாகவே கலந்து விற்பதால், இரண்டுக்கும் சேர்ந்தே அலர்ஜி வந்தவர்கள் நிறைய. அதனால் அதையும் கேள்விக்குறியோடு எழுதிவைத்தோம். தெரு மெடிக்கலில் இருக்கும் தம்பி அட்டையை முதல் தடவை பார்த்தபோது, "அக்கா, இதெல்லாம் இல்லாத க்ரீமே கம்மிக்கா" என்று சிரித்தான். இப்போது அவனே படித்துப் பார்த்துத்தான் எடுத்துத் தருகிறான்.

ஒரு அலமாரியைக் கிளறினால் மற்றதும் கூடவே வரும். என் மகள் முகப்பருவுக்கு கிளிண்டமைசின் ஜெல் போட்டுக்கொண்டிருந்தாள், தோழி சொல்லி, மாதக்கணக்கில். தோல் காய்ந்து உரிந்தது. அதைவிட முக்கியமானது, தனியாக நீண்ட நாள் போட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்து, மூன்று மாதத்துக்குள் முடிக்கும்படி டாக்டர் மாற்றிக் கொடுத்தார். பென்சாயில் பெராக்சைடு சாயத்தை வெளுக்கும் என்று சொல்லியும் என்னுடைய நல்ல நீலத் துண்டில் முகம் துடைத்துவிட்டாள். இப்போது அதில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. மேலே பூசும் கிளிண்டமைசினாலும் அபூர்வமாகக் கடும் வயிற்றுப்போக்கு வரலாம், வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

மாமா பையனுக்குத் தொடை இடுக்கில் படர்தாமரை. அவன் வாங்கிவந்தது ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றும் ஒன்றாய்ப் பிசைந்த க்ரீம். அரிப்பு இரண்டே நாளில் நிற்கும். பூஞ்சை உள்ளே சந்தோஷமாகப் பரவும். அவனுக்கு வட்டமே கலைந்து, என்ன நோய் என்றே தெரியாத மாதிரி ஆகிவிட்டது, தோலில் கோடு கோடாக வரியும் விழுந்தது. வரி போகாது. 2018-இல் மத்திய அரசு ஸ்டீராய்டு க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஷெட்யூல் எச்-க்குள் கொண்டுவந்தது; அதே ஆண்டு செப்டம்பரில் தடை செய்த 328 கூட்டு மருந்துகளிலும் இப்படிப்பட்ட தோல் க்ரீம்கள் சில இருந்தன. சட்டம் இருக்கிறது. கவுன்ட்டரில் பெயரைச் சொல்லி நீட்டினால் என்ன கிடைக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

டாக்டரிடம் துருவித் துருவிக் கேட்டுக் குறித்துக்கொண்ட வேறு சில விஷயங்களும் உண்டு. தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயசின், சல்ஃபா மருந்து ஆகாதவர்களுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் பிரசவம் நெருங்கிய கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. பெரிய அளவில் போட்டால் ரத்த வெள்ளணு குறையலாம், புண் ஆறுவதும் தாமதமாகலாம். தோல் தொற்றுக்குப் பூசும் மியூபிரோசின் நல்ல மருந்து, போட்டதும் சிலருக்கு எரியும். அதன் ஆயின்மென்ட் வடிவம் பாலிஎத்திலின் கிளைக்காலில் கரைத்தது. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குப் பெரிய திறந்த புண்ணில் பூசினால் அது உடம்புக்குள் உறிஞ்சப்பட்டுத் தொந்தரவு தரும். பத்து நாளுக்கு மேல் போகக் கூடாது. அதே மாதிரிப் பூசும் ஃபியூசிடிக் ஆசிட்டையும் இழுத்துக்கொண்டே போனால் கிருமி பழகிவிடும். குளோராம்ஃபெனிக்கால் கண் களிம்பு, மிக மிக அரிதாக, எலும்பு மஜ்ஜையைப் பாதித்ததாகப் பதிவு உண்டு. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் நியோமைசின் கலந்த காதுச் சொட்டு கேட்கும் திறனையே கெடுக்கலாம், ஆகவே காது வடிந்தால் பழைய சொட்டு மருந்தைத் தேடக் கூடாது. நியோமைசின் பவுடரைப் பெரிய திறந்த புண்ணில் கொட்டினாலும் உள்ளே உறிஞ்சப்பட்டு இதே வம்பு.

எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்பதை அம்மாவுக்காகப் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தேன். அரிப்புதான் அதிகம், மருந்து பட்ட எல்லைக்குள் சிவப்பு, நீர்க்கொப்புளம் என்றால் மருந்தை நிறுத்திக் கழுவிவிட்டு, அடுத்த நாள் டாக்டரைப் பார்க்கலாம். போட்டவுடனே வரும் லேசான எரிச்சல் சில நிமிடத்தில் அடங்கினால் பரவாயில்லை. வலி கூடிக்கொண்டே போகிறது, தொட்டால் சுடுகிறது, சீழ், நாற்றம், குளிர்காய்ச்சல், சிவப்புக் கோடு மேலே ஏறுகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மருந்து போட்ட சில நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடோ முகமோ வீங்கி, மூச்சு இழுத்தால், 108. பேசிட்ராசினுக்கு அப்படி நடந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. அபூர்வம்தான், ஆனால் நடக்கும்போது யோசிக்க நேரம் இருக்காது.

தங்கை தன் குழந்தையின் தடுப்பூசியை நினைத்துப் பயந்தாள். சில தடுப்பூசிகளில் மிகச் சிறிய அளவில் நியோமைசின் இருப்பதை எங்கேயோ படித்திருக்கிறாள். பாட்டியின் தோல் அலர்ஜிக்கும் பேத்தியின் ஊசிக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியோமைசினால் தோலில் மட்டும் அலர்ஜி வந்தவர்கள்கூட அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளலாம். முன்பு மூச்சுத்திணறல் அளவுக்கு உடனடி அலர்ஜி வந்தவர்கள்தான் தவிர்க்க வேண்டும்.

அட்டை நிஜமாகவே வேலைக்கு வந்தது அம்மாவுக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தபோது. அட்மிஷனில் "மருந்து அலர்ஜி ஏதாவது?" என்று கேட்ட சிஸ்டரிடம் அம்மா, "அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். காலில் பூசியது கண்ணுக்கும் சேர்த்தி என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மாத்திரை, ஊசி இரண்டையும்தான் மருந்து என்று எண்ணிக்கொண்டு, க்ரீமையும் சொட்டையும் கணக்கில் சேர்க்காதவர்கள் நம்மில் ஏராளம். நான் அட்டையை நீட்டினேன். சிஸ்டர் படித்துவிட்டு ஃபைலை டாக்டரிடம் எடுத்துப்போனார். அங்கே வழக்கமாகக் கொடுக்கும் சொட்டு டோப்ராமைசினும் ஸ்டீராய்டும் கலந்தது. காலில் நடந்த அதே கதை கண்ணிமையில் நடந்திருக்கும். இமை வீங்கி அரித்து, புதிதாக வைத்த லென்ஸில் தொற்றோ என்று எல்லோரும் பதறியிருப்பார்கள். நியோமைசின் குடும்பத்தில் சேராத மாக்சிஃப்ளாக்சசின் தனியாக, ஸ்டீராய்டு தனியாக, இரண்டு பாட்டிலாக எழுதிக் கொடுத்தார்கள். ஃபைலின் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் நியோமைசின் குடும்பத்தையும் எழுதி வட்டம் போட்டார்கள். அதை போனில் ஒரு படம் எடுத்து, தங்கைக்கும் மாமாவுக்கும் அனுப்பிவைத்தேன்.